டிஎம்டி 'பாசிட்டிவ்' என்று வந்த பிறகு: அடுத்த இதயப் பரிசோதனையை முடிவு செய்வது எப்படி

முழு உடல் பரிசோதனைக்குப் போன இடத்தில் இதயம் உழைக்கும்போது இசிஜி எடுக்கும் டிஎம்டி பரிசோதனைக்காக டிரெட்மில்லிலும் நடக்க வைத்து, மாலையில் தரும் அறிக்கையின் கடைசி வரியில் 'பாசிட்டிவ்' (இதய இரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம்) என்ற ஒரு சொல் இருந்துவிட்டால், அன்றிரவே குடும்பம் தூக்கத்தைத் தொலைத்து, மறுநாள் காலை, இதய இரத்தக்குழாய் வரை மெல்லிய குழாய் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோவுக்குச் சேர்ந்துவிடுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. 'எனக்குத்தான் வலியே இல்லையே' என்று அதே காகிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறவர்களும் குறைவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, அறிக்கையை ஒழுங்காகப் படித்து, எந்தப் பரிசோதனை தேவை, எது தேவையில்லை என்று மருத்துவருடன் பேசி முடிவெடுக்க ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதற்கான அவகாசமும் இருக்கிறது.

அவகாசம் இல்லாதவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சில் அழுத்தமோ எரிச்சலோ வருகிறவர்கள், பதினைந்து இருபது நிமிடமாகியும் வலி விடாதவர்கள், வலியோடு வியர்த்துக் கொட்டுகிறவர்கள் அல்லது மூச்சு வாங்குகிறவர்கள், முன்பு மாடி ஏறினால் மட்டும் வந்த வலி சில நாட்களாக நாலடி நடந்தாலே வருகிறவர்கள் ஆகியோர் எந்தப் பரிசோதனை என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. 108ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுரை மற்றவர்களுக்கானது.

சொல்லை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள்

ஆய்வகம் கையில் தருவது பெரும்பாலும் ஒரு பக்கச் சுருக்கம்தான். நிலை நிலையாக எடுக்கப்பட்ட இசிஜி கோடுகள் கொண்ட முழு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும் மருத்துவர் அந்தப் பக்கங்களைத்தான் தேடுவார்.

நம் ஊரில் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் பின்பற்றப்படுவது, சியாட்டிலில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் என்ற மருத்துவர் வகுத்த 'புரூஸ்' முறை. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையின் வேகமும் சாய்வும் சேர்ந்தே கூடும். முதல் நிலை மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகமும் 10 சதவீதச் சாய்வும் கொண்டது; மூன்றாவது நிலையில் வேகம் ஏறத்தாழ 5.5 கிலோமீட்டராகவும் சாய்வு 14 சதவீதமாகவும் ஆகிவிடும். மூன்றாவது நிலையை முடித்தவர், அதாவது 9 நிமிடம் நடந்தவர், ஓய்வில் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனைப் போலச் சுமார் 10 மடங்கு செலவழித்திருக்கிறார். அறிக்கையில் '10 மெட்ஸ்' என்று இருப்பது அதுதான். என்னைக் கேட்டால் முழு அறிக்கையிலும் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுவே. கோடுகளில் சிறு மாற்றம் இருந்தாலும், வலியில்லாமல் 10 மெட்ஸ் எட்டியவருக்கு வரும் ஆண்டுகளில் ஆபத்து குறைவு. 5 மெட்ஸ் எட்டும் முன்பே நின்றுபோனவருடைய நிலைமை வேறு.

அடுத்தது எஸ்டி பகுதி. இசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் கூரிய சிகரத்துக்கும் அதையடுத்த மேட்டுக்கும் இடையிலுள்ள சிறு கோடு, உழைப்பின்போது 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கீழே இறங்கினால் 'பாசிட்டிவ்' என்று எழுதுகிறார்கள். ஆனால் இறங்கிய கோடு எந்த வடிவில் இருக்கிறது என்பது, எவ்வளவு இறங்கியது என்பதற்குச் சமமாக முக்கியம். கிடைமட்டமாகவோ கீழ்நோக்கிச் சரிந்தோ இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். இறங்கிய வேகத்தில் மேல்நோக்கி ஏறிவிடும் கோட்டுக்கு மதிப்பு மிகக் குறைவு. வேகமாகத் துடிக்கும் ஆரோக்கியமான இதயத்திலும் அப்படி வரும்.

ஒரு மாதிரி அறிக்கையை எடுத்துக்கொள்வோம். வயது 46, ஆண். வயதை 220லிருந்து கழித்து, அதில் 85 சதவீதம் எடுத்தால் இலக்கு நாடித்துடிப்பு 148. இவர் 162 வரை போயிருக்கிறார். 9 நிமிடம் நடந்திருக்கிறார், வலி இல்லை, கால் ஓய்ந்து நிறுத்தியிருக்கிறார். இரத்த அழுத்தம் 130லிருந்து 178க்கு ஏறியிருக்கிறது. நெஞ்சின் இடப்பக்க மின்முனைகளான வி5, வி6 கோடுகளில் 1 மி.மீ. இறக்கம்; நின்ற ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. முடிவு: 'பாசிட்டிவ்'. இதை டியூக் மதிப்பெண் என்ற எளிய கணக்கில் போட்டுப் பார்க்கலாம். நடந்த நிமிடங்களிலிருந்து, மில்லிமீட்டர் இறக்கத்தை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். பிறகு வலிக்கான எண்ணை நான்கால் பெருக்கிக் கழிக்க வேண்டும். வலியே வரவில்லை என்றால் 0, வந்தும் நடக்க முடிந்தது என்றால் 1, வலியால்தான் நிறுத்தினார் என்றால் 2. மொத்தம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து குறைவு, மைனஸ் 11 அல்லது அதற்குக் கீழ் என்றால் அதிகம், இடைப்பட்டது நடுத்தரம். இவருக்கு 9 கழித்தல் 5, மீதி 4, நடுத்தரம். ஆனால் அந்த இறக்கம் மேல்நோக்கி ஏறும் வடிவம் மட்டுமே என்று இதய மருத்துவர் பெருக்குக் கண்ணாடியில் பார்த்துச் சொன்னால் அது கணக்கில் சேராது. மதிப்பெண் 9 ஆகி, ஆபத்து குறைந்தவர் வரிசைக்கு வந்துவிடுகிறார். அதே 'பாசிட்டிவ்' என்ற சொல்லோடு வரும் இன்னொருவர் 61 வயதுக்காரர், 4 நிமிடத்தில் 2.5 மி.மீ. இறக்கம், நெஞ்சு வலித்து நிறுத்தினார் என்றால், கணக்கு மைனஸ் 16.5க்குப் போகிறது. இருவருக்கும் ஒரே சொல்லை எழுதிக் கொடுக்கும் அறிக்கையை நம்பி ஒரே முடிவை எடுப்பது நியாயமில்லை.

இரண்டாமவரைப் போன்றவர்களுக்கு இடையில் வேறு பரிசோதனை எதற்கு என்று மருத்துவர் நேராக ஆஞ்சியோவைச் சொன்னால் அது சரியான ஆலோசனைதான். குறைந்த உழைப்பிலேயே 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறக்கம். உழைக்க உழைக்க ஏற வேண்டிய இரத்த அழுத்தம் ஓய்வு நிலைக்கும் கீழே இறங்குதல். முன்பு மாரடைப்பு வந்த அடையாளம் இல்லாத இடத்தில் எஸ்டி பகுதி மேலே எழும்புதல். நின்று ஐந்து நிமிடம் கடந்தும் கோடுகள் சீராகாமை. கீழறைகளில் தொடர்ச்சியாகத் தாறுமாறான வேகத் துடிப்பு: இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். நடையை நிறுத்திய முதல் நிமிடத்தில் நாடித்துடிப்பு 12க்கு மேல் குறையாமல் இருப்பதும் நல்ல அறிகுறி அல்ல. ஆனால் அதை மட்டும் வைத்து ஆஞ்சியோ செய்வதில்லை.

நடந்தவர் யார்?

இங்கேதான் பெரும்பாலான குழப்பம் பிறக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உண்மையில் அடைப்பு உள்ள நூறு பேரில் ஏறத்தாழ 68 பேரை டிஎம்டி பிடிக்கிறது. அடைப்பு இல்லாத நூறு பேரில் 23 பேரை இருப்பதாகக் காட்டிவிடுகிறது. இந்த இரண்டு எண்களோடு ஒரு கணக்குப் போடலாம். எந்தத் தொந்தரவும் இல்லாமல் பரிசோதனைக்கு வந்த ஆயிரம் பேரில் 50 பேருக்கு அடைப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 50 பேரில் 34 பேருக்குப் பாசிட்டிவ் வரும். மீதி 950 பேரில் சுமார் 218 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆகப் பாசிட்டிவ் காகிதத்தோடு கலங்கி நிற்கும் 252 பேரில் உண்மையான அடைப்பு உள்ளவர்கள் 34 பேர்தான்; ஏழெட்டுப் பேருக்கு ஒருவர்.

இப்போது வேறு ஆயிரம் பேர்: அறுபதைக் கடந்தவர்கள், புகைத்தவர்கள், படியேறினால் நடு நெஞ்சில் அழுத்தி, நின்றால் விடும் வலி உள்ளவர்கள். இவர்களில் பாதிப் பேருக்கு, அதாவது 500 பேருக்கு, அடைப்பு இருப்பதாகக் கொண்டால், பாசிட்டிவ் வரும் 455 பேரில் 340 பேருக்கு அது உண்மை. நாலில் மூன்று. இந்தக் கூட்டத்தில் நெகட்டிவ் வந்த 545 பேரிலும் 160 பேருக்கு அடைப்பு இருக்கும் என்பதையும் கவனியுங்கள். வலி பேசும்போது நெகட்டிவ் காகிதம் அதன் வாயை அடைக்காது.

ஆகவே மருத்துவரிடம் போகும் முன் உங்களைப் பற்றி நேர்மையாக எழுதிக்கொள்ளுங்கள். வயது, சர்க்கரை எத்தனை ஆண்டாக, இரத்த அழுத்தம், புகை, கொழுப்பின் அளவு, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்ததா என்பவை முதல் வரிசை. வலி இருந்தால், எங்கே, எதைச் செய்தால் வருகிறது, எத்தனை நிமிடம் இருக்கிறது, நின்றால் விடுகிறதா. 'கேஸ்' என்று நீங்களே பெயர் வைத்து ஒதுக்கிய வலியையும் சொல்லிவிடுங்கள். மேட்டில் ஏறும்போது மட்டும் வரும் கேஸ், கேஸ் அல்ல. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் இரத்த ஓட்டம் குறையலாம் என்பதால், அவர்களுடைய 'வலி இல்லை' என்ற சொல்லுக்கு எடை சற்றுக் குறைவு. தெற்காசியர்களுக்கு இதய நோய் பிற மக்களை விடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தொந்தரவு எதுவும் இல்லாத, ஆபத்துக் காரணிகளும் குறைந்த ஒருவரைச் சும்மா டிரெட்மில்லில் ஏற்றவே வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018இல் மீண்டும் சொன்னது. நம் ஊர்ப் பரிசோதனைத் தொகுப்புகள் அதைக் கேட்பதாக இல்லை. ஏறியாகிவிட்டது என்றால் மேலே சொன்ன கணக்குதான் துணை.

கோடுகளை ஏமாற்றும் வேறு காரணங்களும் உண்டு. இரத்தசோகை, பொட்டாசியம் குறைவு, நீண்ட கால இரத்த அழுத்தத்தால் தடித்துப்போன இதயச் சுவர், இதயத்துக்குத் தரப்படும் டிகாக்சின் மாத்திரை ஆகியவை அடைப்பு இல்லாமலே எஸ்டி பகுதியை இறக்கிக் காட்டும். பெண்களுக்குப் பொய்யான பாசிட்டிவ் கூடுதலாக வருகிறது. இதயத்தின் இடப்பக்கத்துக்கு மின்தூண்டல் தாமதமாகப் போகும் இடப்பக்க மின்கிளைத் தடை (எல்பிபிபி) என்று ஓய்வு இசிஜியிலேயே எழுதியிருந்தால் டிஎம்டியின் கோடுகளை வைத்து அடைப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அவருக்கு அந்தப் பரிசோதனையைத் தேர்ந்தெடுத்ததே தவறு. ஹீமோகுளோபின் 8 இருக்கும் ஒரு பெண்மணிக்கு ஆஞ்சியோவுக்கு முன் இரும்புச்சத்தும், இரத்தம் எங்கே போகிறது என்ற தேடலும்தான் தேவையாக இருக்கலாம். ஓர் எக்கோவும் (இதயத்தின் ஒலியலைப் படம்) எளிய இரத்தப் பரிசோதனைகளும் இவற்றில் பலவற்றைத் தெளிவாக்கிவிடும்.

நடுவில் நிற்கும் பரிசோதனைகள்

ஆபத்து மிகக் குறைவு என்று தெரிந்தால் மேற்கொண்டு எதுவும் தேவைப்படாமல் போகலாம்; மிக அதிகம் என்றால் ஆஞ்சியோ. இடைப்பட்ட பெருங்கூட்டத்துக்குத்தான் உடலுக்குள் குழாய் செலுத்தாத பரிசோதனைகள்.

இவற்றில் இப்போது முன்னால் நிற்பது சிடி ஆஞ்சியோ. கை நரம்பில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, இதயத்தின் இரத்தக்குழாய்களை ஸ்கேனில் படமெடுக்கிறார்கள். படம் கலங்காமல் இருக்க நாடித்துடிப்பு 60ஐ ஒட்டி இருக்க வேண்டும்; அதற்காக ஒரு மணி நேரம் முன்பு மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை தருவார்கள். மருந்து ஏறும்போது உடம்பெங்கும் சூடு பரவும், சிலருக்குச் சிறுநீர் கழித்துவிட்டதைப் போலத் தோன்றும். பயப்பட வேண்டாம், அரை நிமிடத்தில் அடங்கிவிடும். மூச்சைச் சில நொடிகள் பிடித்துவைப்பதுதான் நம் பங்கு. இதன் பெரிய பலம், 'அடைப்பு இல்லை' என்று இது சொன்னால் ஏறக்குறைய நிச்சயமாக நம்பலாம் என்பது. பலவீனம், குழாயில் சுண்ணாம்பு நிறையப் படிந்தவர்களுக்கு அடைப்பைப் பெரிதாக்கிக் காட்டிவிடும். துடிப்பு சீரற்றவர்களுக்கும் சிறிய ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைக்குழாய்) ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் படம் தெளிவாக வராது. சிறுநீரகம் பாதித்தவர்கள் சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காட்டும் கிரியேட்டினின் அளவைக் காட்டாமல் இதற்குப் போகக் கூடாது. நவீன இயந்திரங்களில் கதிர்வீச்சு பெரும்பாலும் 2 முதல் 5 மில்லி சீவெர்ட் வரை. இயற்கையாகவே ஒரு மனிதருக்கு ஓராண்டில் சராசரியாக 2.4 கிடைக்கிறது என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சிடி ஆஞ்சியோவுக்கு இன்னொரு பயன், பலரும் எண்ணிப் பார்க்காதது. ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரிடம் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இந்த ஸ்கேனும் எடுக்கப்பட்டவர்களில் ஐந்தாண்டுகளில் மாரடைப்போ இதய நோயால் மரணமோ நேர்ந்தது 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். ஸ்கேனா உயிரைக் காத்தது? குழாயில் லேசான படிவு தெரிந்தவர்களுக்கு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் முன்கூட்டியே தொடங்கப்பட்டதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. 'அடைப்பு 30 சதவீதம்தான், ஒன்றுமில்லை' என்று சொல்லி வெளியே வருகிறவர் மாத்திரையைப் பற்றிக் கேட்காமல் வந்தால் பாதிப் பயனை மேசையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

அடைப்பு இருக்கிறதா என்பதை விட, இருக்கும் அடைப்பு இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறதா என்று தெரிய வேண்டியவர்களுக்கு, இதயத்தை உழைக்கவைத்து எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோவும், கதிரியக்க மருந்து செலுத்தி இரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் தாலியம் ஸ்கேனும். ஸ்ட்ரெஸ் எக்கோவில் கதிர்வீச்சு இல்லை. நடக்க முடியாத மூட்டுவலிக்காரர்களுக்கு டோபுடமின் மருந்தால் இதயத்தை வேகப்படுத்திப் பார்ப்பார்கள். ஆனால் பார்ப்பவரின் கைப்பழக்கத்தை அது மிகவும் நம்பியிருக்கிறது. தாலியம் ஸ்கேன் என்று பேச்சில் சொன்னாலும் இப்போது பெரும்பாலும் டெக்னீசியம்தான் செலுத்துகிறார்கள்; கதிர்வீச்சு 10 மில்லி சீவெர்ட்டை ஒட்டி வரும். மூன்று குழாய்களிலும் சம அளவில் அடைப்பு இருந்தால் ஒப்பிட நல்ல பகுதி இல்லாமல் படம் சாதாரணமாகத் தோன்றிவிடும் அபாயமும் இதில் உண்டு. எம்ஆர்ஐயும் நல்ல பரிசோதனைதான். பெருநகரங்களுக்கு வெளியே கிடைப்பது அரிது.

இதில் ஒரு பணக்கணக்கும் நுழைகிறது. தனியார் காப்பீட்டுப் பாலிசிகள் பலவும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வெளிநோயாளியாக எடுக்கும் சிடி ஆஞ்சியோவுக்குக் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். அதனால் குழாய் செலுத்திச் செய்யும் ஆஞ்சியோ 'நமக்குச் செலவில்லை' என்று தோன்றிவிடுகிறது. செலவில்லாதது என்பதற்காக ஒரு பரிசோதனையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆஞ்சியோ என்றால், மேசையில் ஏறும் முன்பே பேசிவிடுங்கள்

இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகவே செய்கிறார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய சிக்கல் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. ஆனால் சுழியம் அல்ல. தேவையில்லாமல் எவ்வளவு செய்யப்படுகிறது என்பதற்கு ஓர் அளவு: அமெரிக்காவில், முன்பு இதய நோய் அறியப்படாமல், அவசரமின்றித் திட்டமிட்டு ஆஞ்சியோ செய்துகொண்ட ஏறத்தாழ நான்கு லட்சம் பேரை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், குறிப்பிடத்தக்க அடைப்பு இருந்தது 37.6 சதவீதம் பேருக்கு மட்டுமே.

பரிசோதனையை விட, அதன் நடுவே எடுக்கப்படும் முடிவுதான் கவனம் கோருவது. நோயாளி உள்ளே படுத்திருக்கிறார். வெளியே காத்திருக்கும் மனைவியை அழைத்து, கண்ணாடிக்கு அப்பாலுள்ள திரையைக் காட்டி, 'இந்த இடத்தில் எண்பது சதவீதம் அடைப்பு, இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா?' என்று கேட்கிறார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் அவருக்குத் தெரிவது சுருங்கிய ஒரு கோடு மட்டும்; கையில் பேனா. 'சரி' என்பதைத் தவிர வேறு பதில் எந்த மனைவிக்கும் வராது. ஆகவே முந்தைய நாளே கேளுங்கள்: இது ஆஞ்சியோ மட்டுமா, அடைப்பு தெரிந்தால் உடனே ஸ்டென்டும் வைப்பதாகத் திட்டமா? ஒப்புதல் படிவத்தில் இரண்டும் சேர்ந்து அச்சாகியிருந்தால் எதற்குச் சம்மதிக்கிறீர்கள் என்பதைத் தனியாக எழுதச் சொல்லலாம்.

அப்படிக் கேட்பதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது. 37 நாடுகளில், இந்தியாவிலிருந்தும் சேர்ந்து, 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளிவந்த இஸ்கீமியா ஆய்வு, பரிசோதனையில் இரத்த ஓட்டக் குறைவு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்த, நிலைமை சீராக உள்ள நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்கு உடனே ஆஞ்சியோவும், தேவைக்கேற்ப ஸ்டென்ட் அல்லது பைபாஸும்; மற்றவர்களுக்கு முதலில் மாத்திரைகள் மட்டும். மூன்று ஆண்டுக்கு மேல் கவனித்தும் மரணத்திலோ மாரடைப்பிலோ உடனே ஆஞ்சியோவுக்குப் போனவர்களுக்கு நன்மை தெரியவில்லை. வலி அடிக்கடி வந்தவர்களுக்கு வலி குறைந்தது. அது உண்மையான நன்மை. மாத்திரையில் தொடங்கியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குப் பிற்பாடு ஸ்டென்டோ பைபாஸோ தேவைப்பட்டது. இந்த ஆய்வு யாருக்குப் பொருந்தாது என்பதும் முக்கியம்: இதயத்தின் பெரும்பகுதிக்கு இரத்தம் தரும் இடது முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்கள், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 35 சதவீதத்துக்குக் கீழே போனவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், மாத்திரைக்கு அடங்காத வலி உள்ளவர்கள் அதில் சேர்க்கப்படவே இல்லை. அதனால்தான் ஓர் எக்கோவும், இடது முதன்மைக் குழாய் நன்றாக இருக்கிறது என்று காட்டும் சிடி ஆஞ்சியோவும் இருந்தால் 'மாத்திரையோடு பார்ப்போம்' என்று மருத்துவரும் நோயாளியும் நிம்மதியாகச் சொல்ல முடிகிறது.

ஸ்டென்ட் என்று பேச்சு வந்தால், கண்ணளவில் 50 முதல் 70 சதவீதம் என்று மதிப்பிடப்படும் அடைப்புகளில் எஃப்எஃப்ஆர் அளந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை மெல்லிய கம்பியால் அளக்கும் முறை அது, 0.80க்கு மேல் இருந்தால் அந்த அடைப்புக்கு ஸ்டென்ட் பெரும்பாலும் தேவையில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய மற்றவற்றை ஒரே கேள்வியாகச் சுருக்கலாம்: 'இந்தப் பரிசோதனையின் முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?' இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தப் பரிசோதனை வேண்டியதில்லை. எண்பது வயதில், ஸ்டென்டோ பைபாஸோ எதுவானாலும் வேண்டாம் என்று தெளிவாக முடிவு செய்துவிட்ட, வலியும் இல்லாத ஒரு தாத்தாவுக்கு ஆஞ்சியோ படம் எதற்கு?

தேதி கிடைத்துக் காத்திருக்கும் நாட்களில், வழக்கமாகச் செய்யும் நடையைச் சமதளத்தில் வலி வராத வேகத்தில் தொடரலாம். தன்னைத்தானே சோதித்துப் பார்க்க ஓடுவதும் மாடி ஏறிப் பார்ப்பதும் வேண்டாம். எழுதிக் கொடுத்த மாத்திரைகளை, குறிப்பாக டிஎம்டிக்காக நிறுத்திவைக்கச் சொன்ன, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரை, மீண்டும் எப்போது தொடங்குவது என்று கேட்டுவிடுங்கள். பலர் நிறுத்தியதை அப்படியே மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது கருத்துக்குப் போகும்போது டிஎம்டியின் எல்லாப் பக்கங்கள், பழைய இசிஜி ஒன்று, எக்கோ அறிக்கை, இரத்தப் பரிசோதனைகள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். ஆஞ்சியோ ஏற்கெனவே செய்திருந்தால் அச்சடித்த அறிக்கை போதாது. படம் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி, வீட்டுக் கணினியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.